கருக்கிரு பேராண்டி

வா பேராண்டி, உக்காரு. கையில என்ன, களைக்கொல்லி டப்பாவா? நல்லது. தரிசு, வரப்பு, தென்னந்தோப்புன்னு நரிப்பயறு படர்ந்து கிடக்குதாம், அதை ஒரே அடியில கருக்கப் போறியாம். செய்யி. பட்டணத்துல இருந்துட்டு வந்த புள்ளைக்குத் தரை பச்சையா இருந்தா கண்ணு கூசத்தான் செய்யும்.

அது செஞ்ச குத்தம் கொஞ்சமா? யாரும் விதைக்கல, தண்ணி விடல. மூணு மூணா இலை, ஒவ்வொரு இலையிலயும் மூணு மடல், மஞ்சப்பூ, மெலிசா உருண்ட காய்னு தரையோட தரையா ஓடுது. வெயில்ல மண்ணு பொசுங்காம மூடி வைக்குது. ஆடு மாடு ஆசையா மேயுது. இல்லாதப்பட்ட வீட்டுல அந்தப் பயறை அவிச்சுத் தின்னதும் உண்டு. கூலி கேக்காம இம்புட்டு வேலை செய்யிறதை எப்படி நம்புறது?

அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கொடியை மட்டும் வேர் அறாம தோண்டி எடு. வேருல கடுகளவுக்கு முண்டு முண்டா இருக்கும். சீக்குன்னு நினைச்சு அதுக்கும் ஒரு மருந்து வாங்கிராத. நகத்தால கீறு. உள்ள செவந்திருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். பச்சையாவோ சாம்பலாவோ இருந்தா ஓஞ்சுபோச்சு. உள்ள குடியிருக்கிறது ரைசோபியம்ங்கிற நுண்ணுயிரி, உன் புத்தகத்துல இருக்கும். 1888-ல பெய்ஜெரிங்க்னு ஒரு டச்சுக்காரரு அதைத் தனியாப் பிரிச்சுக் காட்டுனாரு. காத்துல நூத்துக்கு 78 பங்கு நைட்ரஜன். அதைப் பிடிச்சுச் செடிக்குத் தழைச்சத்தாக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். பில்லு இல்ல, மானியம் இல்ல, கைரேகை வைக்கிற மிஷினு இல்ல. இதெல்லாம் ஒரு வியாபாரமா?

நீ யூரியாவே வாங்கு. 45 கிலோ மூட்டையில 46 சதம் தழைச்சத்து. இருபது கிலோ சொச்சம் தேறும். 2018-க்கு முன்னாடி மூட்டை 50 கிலோ. மூட்டைதான் இளைச்சுது, உரக்கடைக்காரரு இளைக்கல. வாங்குனதைப் பயறு மேலயே அள்ளி வீசு. மாமனார் வீட்டுல சோறு கண்ட மாப்பிள்ளையாட்டம் வேர்முண்டு வேலைக்குப் போறதை நிறுத்திரும். அப்புறம் இன்னொரு மூட்டை வாங்கலாம்.

உளுந்துக்குள்ள படர்ந்தா பிடுங்கு, வேணாங்கல. அங்க அது களைதான். மத்த இடத்துல, புத்தி கெட்டுப்போயி அதை உரமாக்கணும்னு தோணுச்சுன்னா, பூவெடுக்கையில மடக்கி உழுதிரு. காய் முத்திட்டா சத்தெல்லாம் விதைக்குப் போயிரும். விதை வேணும்னா காலைப் பனியோட காயைப் பறி. மத்தியானம் தூங்கி எந்திரிச்சுப் போனா வெடிச்சுச் சிதறிக் கிடக்கும். குனிஞ்சு பொறுக்கணும், உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

விதைக்கு ஓடு கெட்டி. எல்லாம் ஒரே மழைக்கு முளைச்சுராது, கொஞ்சம் மண்ணுக்குள்ளயே படுத்துக் கிடக்கும். அதனால அடுத்த வருசத்துக்கும் இப்பவே டப்பா சொல்லி வச்சிரு. கடைக்காரரு மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறாராம், செலவு இருக்கும் பாவம்.

என்னிக்கு அடிக்கப் போறேன்னு மட்டும் ரெண்டு நாள் முன்கூட்டியே சொல்லு. ஆட்டை அவுத்து விடணும்.