செஞ்சியில் எத்தனாவது லெவல்?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அக்கா மகன் செல்போனிலிருந்து தலை நிமிராமல் கேட்டான்: "மாமா, இது எத்தனாவது லெவல்?"

1690-இல் முற்றுகையிட வந்த முகலாயத் தளபதி சுல்பிகார் கானும் இதைத்தான் கேட்டிருப்பார். கோட்டை விழ 1698 ஆயிற்று. உள்ளே போனால், யாரைப் பிடிக்க வந்தாரோ அந்த மராட்டிய மன்னர் ராஜாராம் ஏற்கெனவே நழுவியிருந்தார். இந்த முற்றுகையை வீடியோ கேமாகச் செய்தால் பையன்கள் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள். படமாக எடுத்தால் எட்டு வருஷமும் ஒரே பாட்டில் ஓடிவிடும்.

வீடியோ கேமைப் படமாக்குவதில் தொல்லையே இதுதான். கட்டைவிரல் நம்முடையதாக இருக்கும்வரை கதையை யாரும் தேடுவதில்லை. கையைக் கட்டி உட்கார வைத்தால்தான் கேள்வி வருகிறது. 1993-இல் மரியோவுக்குப் புதுக்கதை கட்டினார்கள், படம் படுத்துவிட்டது. 2023-இல் காளான், குழாய், ஆமை என்று தெரிந்ததையே வரிசையாகக் காட்டினார்கள். நூறு கோடி டாலருக்கு மேல் வசூல்!

விடுவேனா? 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட செஞ்சி மன்னர் தேசிங்கு ராஜன் கதையை எடுத்துவிட்டேன்.

"அவருக்கு எத்தனை லைஃப் மாமா?"

"ஒண்ணுதான்டா."

"அப்ப யாரும் டவுன்லோடு பண்ண மாட்டாங்க."