மீசையில் பாதியைக் காணோம்

பெரியப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து தாம்பூலப் பையைத் துழாவிக்கொண்டே, 1982-ல் தான் வாங்காமல் விட்ட ஒரு தோட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே இருக்கையில் அவர் மீசையின் ஒரு பாதியைக் காணவில்லை. மழித்த மாதிரி இல்லை. அந்த இடமே இல்லை. கூடவே ஒரு காதும் கொஞ்சம் போயிருந்தது. போன இடத்தின் ஓரத்தில் முக்கோணம் முக்கோணமாக ஒரு கோடு மினுங்கி நெளிந்தது. பட்டுப்புடவையில் டெம்பிள் பார்டர் என்பார்களே, அதேதான். கல்யாண மண்டபம் முழுக்கப் பட்டு. எனக்கு மட்டும் கண்ணுக்குள்ளேயே தறி ஓடிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, எனக்கு ஒற்றைத் தலைவலி வரப்போகுது."

"இன்னும் வரலல்லா? பெறகென்ன, பந்திக்கு வா."

அவர் கேட்டது நியாயம்தான். வராத தலைவலிக்குச் சாட்சி யார்? இந்தக் கண்கட்டு வித்தைக்கு டாக்டர்கள் 'ஆரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் வராது. மூளையின் மேற்பரப்பில் ஓர் அலை மெல்ல ஊர்ந்து போவதால் வருவது. 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், தனக்கு இந்தக் கோடு வந்தபோதெல்லாம் அதைத் தாளில் வரைந்து வைத்து, உள்ளே ஊர்வது எதுவாக இருந்தாலும் அது நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டார். 1944-ல் பிரேசில்காரர் லியாவ், முயலின் மூளையில் அப்படியொரு அலையைக் கையும் களவுமாகப் பிடித்தார். நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர்! எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைல் அந்த வேகத்தில் நகர்ந்தால் பாராட்டு விழா எடுப்போம்.

பெரியப்பாவின் மீசை திரும்பி வர இருபது நிமிஷம் ஆயிற்று. மீசை வந்ததும் வலியும் வந்தது.

மண்டபத்திலேயே இருட்டான இடம் ஸ்டோர் ரூம். அரிசி மூட்டைக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நடுவே போய்ப் படுத்தேன். வெளியே தவில். ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழுந்தது. குழம்பு கொதிக்கும் வாசனையில் குமட்டியது. ஐந்தே நிமிஷத்தில் சொந்தக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்கள். அத்தை முதல் வேலையாக லைட்டைப் போட்டாள். அடுத்த வேலையாகத் தைலம். ஒரு விரல் தொட்டு வைக்க வேண்டிய இடத்தில் அரை டப்பா. வாசனையே ஆகாத நேரத்தில் கற்பூரமும் புதினாவும் கண்ணிலும் இறங்கின.

"எந்தப் பக்கம்யா வலிக்கு?"

"ரெண்டு பக்கமும் அத்தை."

"அப்போ ஒத்தத் தலைவலி இல்ல. நீர் கோத்திருக்கும்."

பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். கிரேக்கர்கள் பாதி மண்டை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதுவே தேய்ந்து மைக்ரேன் ஆயிற்று. நாமும் ஒற்றை என்றோம். இரண்டு பக்கமும் வலிக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் ரெட்டைத் தலைவலி என்று தனிச் சங்கமா வைக்க முடியும்? அத்தையையும் குறை சொல்ல முடியாது. இந்தத் தலைவலியில் சிலருக்கு மூக்கடைக்கும், கண்ணில் நீர் வழியும். சைனஸ் என்று வருஷக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருக்கும் பலருக்கு இருப்பது இதுதான். சித்தப்பா கண்ணாடியை மாற்றச் சொன்னார். ஒரு மாமா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பெரியப்பா வாசலில் நின்றபடியே, "பித்தம்லா அது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பாயசத்துக்குப் போனார்.

சொந்தமாகவும் சில முட்டாள்தனங்கள் வைத்திருந்தேன். கடலை மிட்டாய் தின்றால் எனக்குத் தலைவலி வரும் என்று பத்து வருஷம் நம்பினேன். தின்ற மறுநாள் வரும், தப்பாமல் வரும். கடைசியில் டாக்டர் கணக்கைத் தலைகீழாகத் திருப்பினார். வலிக்கு ஒருநாள் முன்னாலேயே மூளையில் வேலை தொடங்கிவிடுகிறதாம். அப்போது சிலருக்கு இனிப்பு மேல் ஆசை வரும், கழுத்து பிடிக்கும், கொட்டாவி கொட்டாவியாக வரும். மிட்டாயால் தலைவலி வரவில்லை. வரப்போகிற தலைவலிதான் மிட்டாய் கேட்டிருக்கிறது. கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டி திசை நோக்கி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். மீட்டிங்கில் நான் விட்ட கொட்டாவிகளுக்கும் இதே காரணத்தைச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது.

இன்னொன்று, சட்டைப் பையில் எப்போதும் இருந்த மாத்திரை அட்டை. சாதாரண வலி மாத்திரையைக்கூட மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும், மாதக்கணக்கில் விழுங்கினால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும். கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய கடனை அடைக்க அவனிடமே மறுபடி கைநீட்டுகிற கதை. ஸ்கேன் வேண்டாம் என்றார் டாக்டர். இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து இறுகினாலோ, கைகால் விளங்காமல் போனாலோ மட்டும் உடனே ஓடி வரச் சொன்னார்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில்தான் நினைவு வந்தது. அம்மா மாதத்துக்கு இரண்டு தடவை ஈரத்துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெல் வைக்கும் அறையில் கதவைச் சாத்திப் படுத்துவிடுவாள். "அம்மா கோவமா இருக்கா, சத்தம் போடாதீங்கடா" என்று ஆச்சி எங்களை வெளியே விரட்டுவாள். அப்பா திண்ணையில் உட்கார்ந்து, தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பார். எதுவும் பிடிபடாமல் கடைக்குப் போய் அல்வா வாங்கி வருவார். கடைசிவரைக்கும் அவருக்கு அது பிடிபடவே இல்லை.

பெண்களுக்குத்தான் இது ஆண்களைவிட 3 மடங்கு அதிகம். எங்கள் மேனேஜருக்கு இந்த ஒரு தகவல் மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது. "அது லேடீஸுக்கு வர்றதுதானே சார்?" என்பார். பிறகு, "எனக்கும்தான் தினம் தலைவலி. ஒரு காபி போட்டா போயிடும்." இதுதான் சிக்கல். எல்லோருக்கும் தலை இருக்கிறது, எல்லோருக்கும் ஒருநாள் வலித்தும் இருக்கிறது. அதனால் எல்லோரும் நிபுணர்கள். 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம்வரை ஆளைச் சாய்க்கிற ஒரு நரம்புக் கோளாறுக்கும், ஆடிட் வரும்போது நாம் அலுத்துக்கொள்வதற்கும் தமிழில் ஒரே சொல். ஆடிட் தலைவலிக்கு எவன் லீவு கொடுப்பான்?

போன மாதம் ஒரு காலை. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணால் போனைப் பார்த்து மேனேஜருக்கு இரண்டே சொல் அனுப்பினேன்: "சார், பேதி." பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை, காபி குடித்துப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. மூன்று நாள் அந்தப் பக்கமே வர வேண்டாம் என்றிருந்தது.

நான்காம் நாள் போனால், என் மேசைமேல் இரண்டு மாதுளம்பழம், ஒரு எலுமிச்சை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக மேனேஜர் என் சீட் தேடி வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்று, குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி சார் இருக்கு?" என்றார்.

"நின்னுடுச்சு சார்" என்றேன்.