குடிமகன் ஆன கதை

2019இல் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்கு 100 கேள்விகளையும் உருப்போட்டுக்கொண்டு போனேன். 6 சரியானதும் அதிகாரி போதும் என்றுவிட்டார். மீதி 94 இன்னும் நெஞ்சிலேயே நிற்கின்றன. பிறகு வலது கையைத் தூக்கி, அந்நிய இளவரசன் எவனுக்கும் இனி விசுவாசமில்லை என்று உறுதிமொழி. மன்னார்குடிப் பக்கம் எனக்கு இளவரசன் யாரும் பழக்கமில்லாததால் சிரமம் தெரியவில்லை.

அமெரிக்கா என்னை நினைவு வைத்து அனுப்பிய முதல் கடிதம், ஜூரி டூட்டிக்கான சம்மன். எப்படித் தப்பிப்பது என்று ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எல்லாரும் பிறவி அமெரிக்கர்கள். நான் மட்டும் முந்தின ராத்திரியே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன். பகல் முழுக்க ஒரு ஹாலில் உட்கார வைத்து, பெயரைக்கூடக் கூப்பிடாமல் அனுப்பிவிட்டார்கள்.

பழைய பாஸ்போர்ட்டை ரத்து செய்த இந்தியா, பதிலுக்கு ஓசிஐ அட்டை தந்தது. அதிலும் 'ஓவர்சீஸ் சிட்டிசன்', அதாவது 'குடிமகன்' என்றுதான் இருக்கிறது. ஓட்டு கிடையாது, வயல் வாங்க முடியாது.

ஊருக்குப் போனபோது, "குடிமகன் ஆயிட்டேன் பெரியப்பா" என்றேன் பெருமையாக. அவர் டாஸ்மாக் இருக்கும் திசையை ஒரு தரம் பார்த்துவிட்டு, "எத்தனை நாளாடா?" என்றார்.