காணாமற்போகும் செவ்வாய்க்கிழமை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே வான்தூரம் ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். இவ்விரண்டையும் நடுவில் எங்கும் இறங்காமல் இணைக்கும் விமானச் சேவை 2020 நவம்பரில் தொடங்கியது. அட்டவணைப்படி பயண நேரம் பதினெட்டரை மணி நேரத்துக்கும் சற்று அதிகம். பயணியின் முழங்கால்கள் இந்த அட்டவணையை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

தூரத்தைக் கணக்கிடப் பள்ளிக்கூடப் புவியியலே போதும். இரு நகரங்களும் ஏறத்தாழ எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.7 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை. பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் விடை வந்துவிடும். சுவரில் தொங்கும் உலகப்படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழிப்பவருக்கு மட்டும் வராது. உருண்டையைத் தட்டையாக்கியவர்கள் செய்த குழப்பம் அது.

குறுகிய வழி இருந்தும் விமானம் பெரும்பாலும் அதில் போவதில்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. அது முதுகில் கைவைத்துத் தள்ளும் என்பதால், நியூயார்க் போகும் விமானம் பல நாள்களில் பசிபிக் பெருங்கடல் பக்கமாகச் சுற்றுகிறது. தூரம் கூடும், நேரம் குறையும். ஆட்டோ ஒரு தெரு சுற்றிப் போனாலே சண்டைக்கு நிற்பவர், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றும் விமானிக்கு இறங்கும்போது நன்றி சொல்கிறார்.

இத்தனை தூரத்துக்கென்றே உருவானது ஏ350-900 யூஎல்ஆர் ரக விமானம். எரிபொருள் கொள்ளளவு 1,65,000 லிட்டர், இருக்கைகள் 161. தொட்டியை நிரப்பி ஆளுக்குப் பங்கு பிரித்தால் தலைக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் வரும். மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு ஏறும் அதே பயணியைத்தான், பெட்டியில் இரண்டு கிலோ ஊறுகாய் கூடிவிட்டதென்று கவுன்ட்டரில் நிறுத்திவைக்கிறார்கள். சாதாரண வகுப்பு இந்த விமானத்தில் கிடையாது; பணம் மிச்சம் பிடிக்க விரும்புவோர் வழியில் எங்காவது இறங்கி ஏறத்தான் வேண்டும்.

பயண நேரத்தின் கணக்கும் தனி. விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுவாயிலில் நிற்பது வரை எல்லாமே அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோவதும் பயணமே. மூன்று மணி நேரம் முன்னதாக வந்து காத்திருந்ததும், குடிநுழைவு வரிசையில் நின்றதும் அதில் சேராது. அவை பயணியின் சொந்தச் செலவு.

கடைசியாகக் கடிகாரம். நியூயார்க் சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்று. ஆகவே திங்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புபவர் பதினெட்டரை மணி நேரம் பறந்தும் செவ்வாய் விடியலில் இறங்குகிறார். கடிகாரத்தைக் கேட்டால் சுமார் ஆறு மணி நேரம்தான் ஆனது என்று சாதிக்கும். திரும்பும்போது அது வட்டியோடு வசூலிக்கிறது: திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறினால் சிங்கப்பூரில் புதன் விடியற்காலை. நடுவிலிருந்த செவ்வாய் எந்த ஊரிலும் கழியவில்லை. செவ்வாய்க்கிழமை விரதக்காரர்களுக்கு அன்று எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதை எந்த அட்டவணையும் அச்சிடுவதில்லை. உணவுத் தட்டு மட்டும் வேளை தவறாமல் வந்துவிடுகிறது.