போர்ட் அண்ணன்

மென்பொருள் கம்பெனி என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு போர்ட் அண்ணன் இருப்பார். "எவன்டா என் 8080-ல உக்காந்திருக்கிறது?" என்ற குரலோடுதான் டீமுக்குப் பொழுது விடியும். 1 முதல் 65,535 வரை அத்தனை போர்ட் கிடக்க, அண்ணனுக்கு 8080 தான் ராசி.

குற்றவாளியைப் பிடிக்க 'எல்எஸ்ஓஎஃப்' அடிப்பார். பிராசஸ் எண் வந்ததும் விசாரணையே கிடையாது, 'கில் மைனஸ் 9' தான். செத்தது பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம் அவரே ஓடவிட்டு மறந்த சர்வர். 2021-ல் புது மேக் ஓஎஸ் வந்து, ஏர்ப்ளே 5000-ஐப் பிடித்துக்கொண்டபோதும் இதே வைத்தியம்தான். அதுவோ கொல்லக் கொல்ல முளைத்தது.

சில சமயம் தேடினால் ஒரு பிராசஸும் சிக்காது. ஆனாலும் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று அடம்பிடிக்கும். "வா, ஒரு டீ போட்டுட்டு வரலாம், தானா சரியாயிடும்" என்பார். சரியாகிவிடும்! மூடிய இணைப்பை லினக்ஸ் 60 விநாடி 'டைம் வெயிட்'டில் வைத்திருக்கும் என்பதோ, 'ரீயூஸ் அட்ரஸ்' என்று ஒரு வரி எழுதினால் டீச் செலவு மிச்சம் என்பதோ அவருக்குத் தேவையில்லை. டீமில் பாதிப் பேருக்கு அவர் கைராசிக்காரர்.

காலி போர்ட் கண்டுபிடிக்கச் சொந்தமாக ஒரு ஃபங்ஷனும் வைத்திருக்கிறார். 8080-லிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பதில் இல்லையென்றால் காலி. பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து "சீட் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுற்றிவந்து படியேறுகிற கதைதான். அதற்குள் இன்னொருவன் துண்டு போட்டிருப்பான். டெஸ்டுகளை இரண்டிரண்டாக ஓடவிட்டால் இரண்டும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்ளும். "நெட்வொர்க் சரியில்லப்பா" என்று தீர்ப்பு வரும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் மெல்லச் சொன்னாள்: "அண்ணா, 0-ன்னு கொடுத்து பைண்ட் பண்ணுங்க. காலியா இருக்கிறத கர்னலே கொடுத்துடும். எந்த நம்பர்னு அப்புறம் சாக்கெட்டையே கேட்டுக்கலாம்."

அண்ணன் பெரிய மனசுக்காரர், ஒத்துக்கொண்டார். அன்றைக்கே எழுதியும் முடித்தார். 0-க்கு பைண்ட், கர்னல் 41,873 என்று கொடுத்தது. எண்ணைக் குறித்துக்கொண்டார், சாக்கெட்டை மூடினார், பிறகு அந்த எண்ணைச் சொல்லி அப்ளிகேஷனைக் கிளப்பினார்.

"ஏண்ணா மூடினீங்க?"

"நம்பர்தான் கெடச்சிருச்சேம்மா, அப்புறம் எதுக்குத் தெண்டமா ஒரு சாக்கெட்டத் தெறந்து வெச்சுக்கிட்டு?"