பேய்க்கு வேண்டும் பிளக் பாயிண்ட்

அக்டோபர் 31, ஹாலோவீன் மாலை. அமெரிக்கப் புறநகர் வீட்டு வாசலில் எலும்புக்கூடு தயார். புகை இயந்திரம்தான் இன்னும் சூடாகவில்லை. கிளைக்கால் கலந்த நீரை ஹீட்டர் ஆவியாக்கி வெளியே துப்ப வேண்டும். சூட்டோடு விட்டால் புகை மேலே பறந்துவிடும். தரையோடு தவழவிட ஐஸ் பெட்டி வழியே அனுப்புகிறார் வீட்டுக்காரர். சுடவைத்துக் குளிரவைக்கும் இந்தக் கைங்கரியத்துக்கு ஆர்டுயினோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, அது சொன்னால் இயங்கும் நாலு ரிலே சுவிட்சுகள், படிக்கட்டில் ஒரு பிஐஆர் சென்சார். உடற்சூடு நகர்ந்தால்தான் அது விழிக்கும். நிஜப் பேய் வந்தால் கண்டுகொள்ளாது.

முதல் வாண்டு படியேறுகிறான். பச்சை விளக்கு மின்னி, ஸ்பீக்கர் அலறி, புகை சீறுகிறது. அவனோ பையை நீட்டி, "பெரிய சாக்லேட் இல்லையா?" என்கிறான். அடுத்தவள் வரும்போது ஹீட்டர் மறுபடி சூடாகிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரே வாயால் ஊளையிடுகிறார்.