குருபரப்பள்ளியில் செயற்கைக்கோள் பார்த்தல்: சுட்டுவிரலை முன்வைத்து ஒரு முன்னாய்வு

கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில், சிப்காட் விளக்குகள் வானத்தை வெளுக்கவைக்கும் குருபரப்பள்ளியே ஆய்வுக் களம். களத்தேர்வுக்குக் காரணம், ஆய்வாளரின் மைத்துனர் வீட்டு மொட்டைமாடி அங்கே இருப்பது. ஆய்வுக் காலம், பொழுது சாய்ந்ததிலிருந்து சாப்பிடக் கூப்பிடும் வரை. இது அறிவியலுக்கும் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது: தரையில் இருட்டிய பிறகும் 400 கி.மீ. உயரத்தில் வெயில் அடிப்பதால்தான் சர்வதேச விண்வெளி நிலையம் நம் கண்ணுக்கு மின்னுகிறது.

இரவு வானில் நகர்வன நான்கு. சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டுவது விமானம். சிமிட்டாமல் சீராக ஊர்வது செயற்கைக்கோள். சட்டென்று கோடு கிழிப்பது எரிகல். நான்காவது, மின்மினி.

செயற்கைக்கோளில் உட்பிரிவுகள் உண்டு. விண்வெளி நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கி.மீ. வேகத்தில், ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 2019 மே மாதம் முதல், தொடக்கத்தில் அறுபது அறுபதாக, ஏவப்பட்டுவரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள், ஏவிய சில நாட்களுக்குத் திருவிழா சீரியல் பல்பு மாதிரி வரிசைகட்டிப் போகும். அன்று தெருவில் ஆய்வாளர்கள் பெருகுவர்.

மையச் சிக்கல் சுட்டுவிரல்தான். "அதோ!" என்று ஒருவர் கை நீட்டுகிறார். அவர் கண்ணிலிருந்து விரல்நுனி வழியே போகும் கோடு செயற்கைக்கோளைத் தொடுகிறது. பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அதே விரல் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுகிறது. விரலைப் பார்ப்பதா, விரல் வழியே பார்ப்பதா என்பதில் இரு பள்ளிகள் உண்டு. விரல்நுனிவாதிகள் ஒரு கட்சி (டீக்கடை பெஞ்ச், இடது முனை, மாலைப் பதிப்பு). முழங்கைவாதிகள் மறு கட்சி (மேற்படி பெஞ்ச், வலது முனை, திருத்திய பதிப்பு, போண்டா எண்ணெய்க் கறையுடன்). இரண்டையும் மறுப்பது மொட்டைமாடி மரபு (தொட்டிமேல் நின்று ஆற்றிய வாய்மொழி உரை, அத்தை குறுக்கிட்டதால் முற்றுப்பெறாதது, அத்தையின் மறுப்புரை, இரு பாகங்கள், இரண்டாம் பாகம் அடுப்படியில்). விவாதம் முடிவதற்குள் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் நுழைந்து நடுவானில் அணைந்துவிடும். "எங்கே மாமா? ஒண்ணையும் காணோமே!" என்பது களத்தில் அதிகம் பதிவான தரவு.

தவறாகச் சுட்டும் மரபு தொன்மையானது. 1957இல் ஸ்புட்னிக்கைப் பார்த்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் பார்த்தது, அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் பாகத்தை. ஸ்புட்னிக் வெறும் 58 செ.மீ. உருண்டை. இந்தத் தொல்லையை முன்பே மோப்பம் பிடித்தவர் அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள். 1956இல் அவர் தொடங்கிய மூன்வாட்ச் திட்டத்தில், தன்னார்வலர்கள் சிறு தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு வானத்தைக் காவல் காத்தார்கள். அங்கே விரலுக்கு வேலையே இல்லை.

ஒழுங்காகச் சுட்டிய ஒருவரும் உண்டு. சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன், நாசாவின் நிலவுப் படங்களை ஒப்பிட்டு, விழுந்து நொறுங்கிய விக்ரம் தரையிறங்கு கலத்தின் துண்டு ஒன்றைக் காட்டினார். 2019 டிசம்பரில் நாசா அதை உறுதிசெய்தது. ஆனால் இலக்கிய மீளாய்வு, கருதுகோள், முறையியல் அத்தியாயம், நெறியாளர் கையொப்பம் ஏதுமின்றிக் கண்டதால், முனைவர் பட்ட விதிகளின்படி அவர் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

நிதி கிடைத்தால் இரண்டாம் தொகுதி வரும். அது கட்டைவிரல் பற்றியது.